பதினெட்டுப் பிள்ளைகளும் மூன்று லைன்களும்

எங்கள் மலையூர் அத்-பாஷியில் இணையம் நின்றுபோனால் முதலில் என்னைத்தான் திட்டுவார்கள். கம்பெனி ஜரில்பெக்குடையது. ஆனால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கத்த யாருக்கும் தைரியம் வராது. என் வீடு கடைத்தெருவை ஒட்டி இருந்தது. ரொட்டி வாங்க வருகிறவர்கள் அப்படியே என் கதவையும் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள். பதினொரு வருஷம் அப்படித்தான் போயிற்று.

எங்களுக்கு மூன்று லைன்கள். ஒன்று, நரின் நகரத்திலிருந்து சாலையோரமாக மண்ணுக்கடியில் வரும் கண்ணாடி இழைக் கம்பி. சாலை போடுகிற புல்டோசர்காரன் அதைக் கிழித்தால் இரண்டு நாள் ஊரில் இணையம் ஊர்ந்துதான் போகும். இரண்டாவது, மலை முகட்டுக் கோபுரத்திலிருந்து காற்றில் வருவது. பனிப்புயலில் அது திணறும். மூன்றாவது, அலுவலகக் கூரைமேல் இருந்த சாட்டிலைட் டிஷ். இந்த மூன்றையும் ஒரே ரவுட்டரில் சேர்த்து, யாருக்கு எந்த லைன், ஒன்று நிரம்பினால் எதற்குத் திருப்பிவிடுவது என்று பிரித்துவிடுவதுதான் என் வேலை.

பிரிப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒரு கம்ப்யூட்டரை ஒரு லைனோடு கட்டிப்போட்டுவிடலாம். அது எதைக் கேட்டாலும் அந்த லைனிலேயே போகும், வரும். இன்னொரு வழி, அந்தக் கம்ப்யூட்டர் கேட்கிற ஒவ்வொன்றையும் அந்த நொடியில் எந்த லைன் காலியாக இருக்கிறதோ அதில் தள்ளிவிடுவது. இப்படி வைத்தால் வேகத்தை அளக்கும்போது மூன்று லைனும் கூடித் தெரியும். பார்க்கிறவர் அசந்துபோவார். ஆனால் மூன்று லைனுக்கும் வெளியே மூன்று முகவரி. சாட்டிலைட் லைன் தரை இறங்குவதே ஜெர்மனியில். நாற்காலியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிற ஆள், அந்தப் பக்கம் இருப்பவர்களின் கண்ணுக்கு ஒரு நிமிஷம் நரினிலும் அடுத்த நிமிஷம் ஜெர்மனியிலும் இருப்பதாகத் தெரியும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு ஒருமுறை இப்படி வைத்ததில் வங்கிக் கணக்கைத் திறந்தவர்களையெல்லாம் வங்கி வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டது. அதற்குப் பிறகு எல்லோரையும் ஒரு லைனோடு கட்டியே வைத்திருந்தேன்.

அந்த மே மாதம் பள்ளிக்கூடத்தில் புதுக் கம்ப்யூட்டர் அறை திறந்தார்கள். வியாழக்கிழமை மாவட்டத் தலைவர் வருவதாக ஏற்பாடு. காலையிலேயே ஜரில்பெக் என் மேஜைக்கு வந்துவிட்டார். வயதில் மூத்த ஆண்களை எங்கள் ஊரில் பைக்கே, அதாவது அண்ணா, என்போம்; அவரையும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"தலைவர் முன்னாடி வேகம் நூறு காட்டணும். காட்டுமா?"

"காட்டாது பைக்கே. பள்ளிக்கூடத்தைக் கம்பி லைன்ல கட்டியிருக்கேன். அது நாப்பதுதான்."

"மூணையும் கூட்டினா?"

"நூத்தி அஞ்சு வரும். ஆனா சனிக்கிழமை அங்க பரீட்சை இருக்கு. அப்படி வச்சா பிள்ளைங்க ஒவ்வொருத்தரும் ரெண்டு நாட்டுல உட்கார்ந்து எழுதுற மாதிரி தெரியும். வெளிய தள்ளிடுவாங்க."

"இன்னைக்கு வியாழன் தானேம்மா? விழா முடிஞ்சதும் மாத்திக்கோ. யாரு வேணாம்னா?"

மாற்றினேன். மாவட்டத் தலைவர் வெள்ளைக் கல்பாக் தொப்பியோடு வந்தார், பொத்தானை அழுத்தினார். திரையில் முள் ஓடி நூற்று மூன்றில் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பூர்சோக் பலகாரம் தின்ற எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே தலைவர், "மத்த முப்பது பள்ளிக்கூடத்துக்கும் இதே மாதிரி போட்டுடுங்க" என்றார். ஜரில்பெக்கின் முகம் காது வரை சிவந்தது. அவ்வளவு சந்தோஷத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை.

சனிக்கிழமைப் பரீட்சை சாதாரணமானதல்ல. தலைநகர் பிஷ்கெக்கில் புதிதாகத் திறந்த பொறியியல் கல்லூரி ஒன்று, மலை மாவட்டப் பிள்ளைகளுக்காக நாற்பது இடங்கள் ஒதுக்கியிருந்தது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். ஒரே ஒரு பரீட்சை, இணையத்திலேயே. எங்கள் பள்ளியிலிருந்து பதினெட்டுப் பேர் எழுதினார்கள். அதில் ஒருத்தி மீரிம், என் சிநேகிதி புருலின் மகள்.

புருலும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் தபால் ஆபீஸில் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், கையில் ரப்பர் முத்திரை மையோடு என் அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"ஏய் குல்பரா, நாளைக்கு உன் டப்பா ஒழுங்கா ஓடுமாடி? என் பொண்ணு மூணு நாளா கண்ணு மூடல. சோத்துத் தட்டுல எல்லாம் கணக்குப் போட்டுட்டு இருக்கா."

"ஓடும்டி."

"ஓடலைன்னா உன் கோபுரத்துலயே உன்னைக் கட்டித் தொங்க விட்டுடுவேன் பாத்துக்க."

"நீ ஏறி வந்து கட்டுறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும்" என்றேன். அவள் தன் பருத்த இடுப்பில் தானே ஓர் அடி போட்டுக்கொண்டு சிரித்தாள்.

அவள் போனதும் ஜரில்பெக்கைப் போனில் கூப்பிட்டேன். "பைக்கே, பள்ளிக்கூட லைனைப் பழையபடி மாத்திடறேன்."

"தொடாதே. நாளைக்கு மத்தியானம் டிவிக்காரங்க வர்றாங்க, அந்த நூறைப் படம் பிடிக்க."

"பரீட்சை காலைலயே..."

"எத்தனை ஊர்ல எழுதுறாங்க அந்தப் பரீட்சையை! எல்லாத்தையும் விட்டுட்டு உன் ரவுட்டரையா உத்துப் பாத்துட்டு இருப்பாங்க? நீ ஒரு பயந்தாங்கொள்ளி. திங்கட்கிழமை மாத்திக்கலாம், வை."

ரவுட்டரின் ரகசியச் சொல் என்னிடம் இருந்தது. வீட்டிலிருந்தே இரண்டு நிமிஷத்தில் மாற்றியிருக்கலாம். மறுநாள் மத்தியானம் டிவிக்காரர்கள் வருவதற்குள் திருப்பியும் வைத்திருக்கலாம். அவருக்குத் தெரிந்தே இருக்காது. அதற்கு முந்தின குளிர்காலத்தில், கேட்காமல் ஒரு கம்பியை மாற்றினான் என்று ஒருவனை அவர் அன்றைக்கே அனுப்பியிருந்தார். எங்கள் ஊரில் என் படிப்புக்கு இருந்தது அந்த ஒரு வேலைதான், எனக்கு வயது முப்பத்தொன்பது. இதெல்லாம் காரணம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், அன்று நான் பயந்துகூட இருக்கவில்லை. ஒன்றும் ஆகாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பரீட்சை தொடங்கியது. தொழில்நுட்பப் பொறுப்பாளர் என்று சட்டையில் அட்டை குத்திக்கொண்டு நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து இருபதுக்கு முதல் பிள்ளை வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது. திரையில் சிவப்பு எழுத்து வந்ததாம்: 'உங்கள் பெயரில் இரண்டு இடங்களிலிருந்து பதில்கள் வருகின்றன. உங்கள் தேர்வு நிறுத்தப்பட்டது.'

அடுத்தவள் வந்தாள். பிறகு இன்னொருவன். பத்து நாற்பத்தொன்றுக்குள் ஏழு பேர் தாழ்வாரத்தில் நின்றார்கள். ஒருத்தி சுவரில் நெற்றியை வைத்து அழுதாள். தலைமை ஆசிரியர் ஓடி வந்தார். "என்ன இது, என்ன இது?" என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை.

மடிக்கணினியைத் திறந்தேன். உள்ளே இன்னும் பதினொரு பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை பிடித்த இணைப்பு அறாததால் அவர்கள் தொடங்கிய லைனிலேயே இருந்தார்கள்; அது அறுந்து வேறு லைனில் விழுந்தவர்கள்தான் வெளியே வந்தவர்கள். அப்படியே விட்டால் அவர்களில் சிலர் தப்பலாம், சிலர் விழலாம். இப்போது மாற்றினால் எல்லோருடைய இணைப்பும் ஒரு கணம் அறுந்து, எல்லோரும் கம்பி லைனில் புதிதாகக் கட்டப்படுவார்கள். அதுவரையும் கம்பி லைனிலேயே இருந்தவன் பிழைப்பான். வேறு லைனில் இருந்தவன் அந்த நொடியே போவான். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருந்தால், யார் யார் எந்த லைனில் இருக்கிறார்கள் என்று பார்த்து ஒவ்வொருவரையும் அந்தந்த லைனிலேயே கட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் அழுகை காதில் விழுந்துகொண்டே இருந்தது. எதையாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. அழுத்திவிட்டேன்.

பத்து நாற்பத்து மூன்று. உள்ளே நான்கு நாற்காலிகள் ஒரே சமயத்தில் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் மீரிமின் குரல். "நான் ஒண்ணுமே பண்ணலையே! சார், நான் ஒண்ணுமே பண்ணல!"

முப்பது கேள்வியில் அவள் இருபத்தேழை முடித்திருந்தாள்.

மிச்சமிருந்த ஏழு பேர் ஒரு தடங்கலும் இல்லாமல் எழுதி முடித்தார்கள். மத்தியானம் டிவிக்காரர்கள் வந்தபோது முள் நாற்பதில் நின்றது. ஜரில்பெக் என்னை முறைத்துவிட்டு, அவர்களைக் கோபுரத்தைப் படம் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை தேர்வுக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. பதினொரு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக நரின், ஜெர்மனி என்று இரண்டு இடங்கள். மையத்தின் பக்கம் கோளாறு இருந்திருந்தால் தொழில்நுட்பப் பொறுப்பாளர் மூன்று நாளுக்குள் விளக்கம் எழுதி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பதினொருவரும் வேறு ஆளை வைத்து எழுதியதாகக் கொள்ளப்படும். மூன்று வருஷத்துக்குத் தடை.

ஜரில்பெக் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தானே கெட்டிலிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றினார்.

"கோளாறு எதுவும் பதிவாகலைன்னு எழுதிடு."

"பைக்கே, நான் வியாழக்கிழமையே சொன்னேன். வெள்ளிக்கிழமையும் சொன்னேன். நீங்கதான் தொடாதேன்னீங்க."

"சொன்னேன். இல்லைங்கல. வெள்ளிக்கிழமை முப்பது பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்து ஆகுது. பதினாலு குடும்பம் இங்க சாப்பிடுது, உன்னையும் சேர்த்து. நீ இப்போ கோளாறுன்னு எழுதினா அந்தக் காகிதத்தை யாரு கையில எடுப்பா?"

"பிள்ளைங்க மேல திருட்டுப் பட்டம் விழுமே."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "ரவுட்டர்ல எல்லாம் பதிவாகுதுன்னு நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தே. நானும் பாத்தேன். பத்து நாப்பத்து மூணுக்கு அதைத் தொட்டது யாரு? என் பேரா இருக்கு அங்க? நாலு பிள்ளைங்களை நடுப் பரீட்சைல கையால தள்ளினது யாருன்னு ஊருக்குச் சொல்லணுமா? சொல்லு, சொல்லிடலாம்."

மறுநாள் சாயங்காலம் புருல் என் வீட்டுக்கு வந்தாள். சிரிக்கவில்லை. தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"குல்பரா, என் பொண்ணு திருடலைன்னு உனக்குத் தெரியும்லடி?"

"தெரியும்."

"அவங்களுக்கு அதைச் சொல்ல ஏதாவது வழி இருக்கா? நீ கம்ப்யூட்டர் தெரிஞ்சவ. எனக்கு யாரைக் கேக்குறதுன்னுகூடத் தெரியல."

"பாக்குறேன்டி" என்றேன்.

அதற்கு அடுத்த நாள், மூன்றாம் நாள், கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். 'மையத்தில் கோளாறு எதுவும் பதிவாகவில்லை.' ஒரே வரி.

அதன் பிறகு ஊர் சும்மா இருக்குமா? சந்தையில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால், "ஜெர்மனில மாமா நல்லா இருக்காரா? எங்களுக்கும் ரெண்டு கணக்குப் போட்டுத் தரச் சொல்லு" என்பார்கள். ஒரு பையனை அவன் அப்பா குதிரைச் சவுக்கால் அடித்தார் என்று கேள்விப்பட்டேன். முப்பது பள்ளிக்கூடங்களுக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. என் சம்பளத்தை ஜரில்பெக் தானாகவே உயர்த்தினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் கடைசியில் மீரிம் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு பள்ளி நோட்டு. சின்ன வயதிலிருந்தே என்னை எஜே, அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

"எஜே, உங்களை ஒண்ணு கேக்கலாமா? கணக்கு மாதிரிதான்."

"உட்காரும்மா."

உட்காரவில்லை. நோட்டை என் முன்னால் விரித்தாள். பதினெட்டுப் பேரையும் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறாள். யார் எத்தனை மணிக்கு வெளியே வந்தார்கள், அப்போது எந்தக் கேள்வியில் இருந்தார்கள், யாருக்குத் திரை ஒரு கணம் உறைந்தது. கோடு போட்டு, சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்.

"இந்த ஏழு பேரும் ஒவ்வொருத்தரா வெளிய வந்தாங்க. நாங்க நாலு பேர் மட்டும் ஒரே நிமிஷத்துல. பத்து நாப்பத்து மூணு. நாலு பேரும் ஒரே நொடில திருட முடியுமா எஜே? கடைசி வரை எழுதின மத்த ஏழு பேருக்கும் அந்த நிமிஷம் திரை உறைஞ்சு திரும்ப வந்திருக்கு. அப்போ யாரோ எதையோ தொட்டிருக்காங்க. யாரு?"

"மின்சாரம் ஏதாவது ஏறி இறங்கியிருக்கும்மா..." என்றேன்.

"மின்சாரம் போயிருந்தா கம்ப்யூட்டர் அணைஞ்சிருக்குமே. ஒண்ணுகூட அணையல."

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. நான்தான், இல்ல, எஜே சொல்லுவாங்கன்னு வந்தேன்."

அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதினேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும். ஜரில்பெக் சொன்னது, நான் செய்யாதது, பத்து நாற்பத்து மூன்றுக்கு நான் செய்தது. ரவுட்டர் பதிவுகளையும் சேர்த்துவைத்தேன். எழுதியவள் அனுப்பியிருக்க வேண்டும். பத்தொன்பது நாள் அது மேஜை இழுப்பறையில் கிடந்தது. காலையில் அனுப்பிவிடலாம் என்று போவேன், யாராவது லைன் இல்லை என்று கூப்பிடுவார்கள், அதைச் சாக்காக வைத்துக்கொள்வேன்.

ஜூலை நடுவில் ஒருநாள், பிஷ்கெக் போகும் வேனின் கூரைமேல் மீரிமின் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாஸ்கோவில் தையல் பட்டறை ஒன்றில் அவளுடைய சித்தி வேலை பார்த்தாள். அங்கே போகிறாள். புருல் ரொட்டியை அவள் வாயருகே நீட்டினாள். ஊரை விட்டுப் போகிறவர் ஒரு கடி கடித்து மிச்சத்தை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மீரிம் கடித்தாள், மென்றாள், ஏறிக்கொண்டாள். நான் எதிர்ப் பக்கம் மருந்துக் கடைக்குள் நின்றிருந்தேன். வேன் போனதும் அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தை அனுப்பினேன். ஒரு நகலை ஜரில்பெக்கின் மேஜையில் வைத்தேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. இரண்டு தரம் படித்தார்.

"என் மேல எழுதினே, சரி, உனக்குக் கோபம். உன் மேலயும் நீயே எழுதிக்கிட்டியே, அது எதுக்கு?" உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். பிறகு, "சாவியை வச்சிட்டுப் போ" என்றார்.

ஒப்பந்தம் ரத்தாகும் என்றும் நினைத்திருந்தேன். ஆகவில்லை. எந்த லைனில்தான் கோளாறு வராது என்று மாவட்டத் தலைவர் சொன்னாராம்.

ஆகஸ்டில் தேர்வுக் குழு பதில் எழுதியது. 'தங்கள் விளக்கம் சரியானதென ஏற்கப்படுகிறது. பதினொருவர் மீதான தடை நீக்கப்படுகிறது. இவ்வாண்டுக்கான இடங்கள் நிரப்பப்பட்டுவிட்டன. விளக்கம் உரிய நாட்களுக்குள் வந்திருந்தால் மறுதேர்வு நடத்தப்பட்டிருக்கும்.'

பதினொரு நகல் எடுத்து வீடு வீடாகக் கொடுத்தேன். ஒரு வீட்டில் எனக்கு ஐரான் மோர் கொடுத்து, பெரிய மனசு உனக்கு என்றார்கள். அந்தக் கிண்ணத்தைக் காலி செய்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சவுக்கால் அடித்த அந்த அப்பா கடிதத்தை வாங்கி, படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மகன் இருக்கும் பக்கம் பார்க்காமல் மாட்டைப் பிடிக்கப் போய்விட்டார்.

புருலின் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அவள் வாசற்படியில் நின்றபடியே படித்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"மறுதேர்வு நடத்தியிருப்பாங்களாமே" என்றாள்.

"ஆமா."

"மூணு நாளுக்குள்ள நீ எழுதியிருந்தா."

"ஆமா."

"அந்த மூணு நாள்ல ஒரு நாள் நான் உன் வீட்டுக்கு வந்தேன். உன் கையால டீ குடிச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பத்து நாப்பத்து மூணுக்குத் தொட்டது நீதானா?"

"நான்தான். காப்பாத்தணும்னுதான்..."

"அது எனக்குப் புரியுது. பதட்டத்துல யாரும் தொடுவாங்க. அதுக்காக உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்." கடிதத்தை நான்காக மடித்தாள். "அவ நோட்டை எடுத்துட்டு உன்கிட்ட வந்தாளே, அன்னைக்கு நீ என்ன சொன்னே? மின்சாரம்னா? வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிச்சாடி என் பொண்ணு. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

அடுத்த வருஷம் அதே பரீட்சை வந்தது. பதினொருவரில் மூன்று பேர் மறுபடி எழுதினார்கள், ஒருவனுக்கு இடம் கிடைத்தது. மீரிம் வரவில்லை. பட்டறையில் இருபது மெஷின்களுக்கு அவளை மேற்பார்வையாளராகப் போட்டிருக்கிறார்களாம். கணக்கெல்லாம் மறந்துவிட்டது என்று அம்மாவிடம் போனில் சொன்னாளாம். இதெல்லாம் ஊரில் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் இப்போது சந்தையில் ஒரு தகரக் கன்டெய்னரில் செல்போன் பழுது பார்க்கிறேன். உதிரி சாமான்கள் பிஷ்கெக்கிலிருந்து தபாலில் வரும். மாதம் இரண்டு தரம் தபால் ஆபீஸுக்குப் போயாக வேண்டும். கவுன்டரில் புருல்தான் இருப்பாள். முதல் தரம் போனபோது வரிசையில் என் முறை வந்ததும், "மீரிம் எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் பார்சலில் முத்திரை குத்தி என் பக்கம் தள்ளினாள்.

"ரசீது வேணுமா உங்களுக்கு?" என்றாள். என் பின்னால் நின்றவரைப் பார்த்து, "நீங்க வாங்க பைக்கே, என்ன அனுப்பணும்?" என்றாள்.